நுழைவாய் மீடிறனுக்குக் கீழே உள்ள ஒளி ருபீடியத்தை எப்படி அயனாக்குகிறது?

கேள்வி (உயர்தர மாணவர் ஒருவர், யாழ்ப்பாணம்), பங்குனி 24, 2022

சேர், நுழைவாய் மீடிறனுக்குக் (இலத்திரனைக் கழற்ற ஒளிக்கு வேண்டிய ஆகக் குறைந்த மீடிறன்) கீழே எவ்வளவு செறிவான ஒளியைப் பாய்ச்சினாலும் ஒரு இலத்திரன்கூட வெளியே வராது என்று ஒளிமின் விளைவில் படித்தோம். போன கிழமை பார்த்த காணொளியில் சிவப்பு லேசரை ருபீடியம் ஆவிக்குள் விட்டு ஆவி முழுவதையும் அயனாக்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 780 நானோமீற்றர் போட்டனிடம் (ஒளித்துணிக்கையிடம்) 1.59 இலத்திரன்வோற்றுத்தான் இருக்கிறது, ருபீடிய அணுவிலிருந்து ஒரு இலத்திரனைக் கழற்றி அயனாக்க 4.18 வேண்டும். பாதிகூட இல்லை. காணொளி பொய்யா, பாடம் பொய்யா?

பங்குனி 24, இரவு 9.50

இரண்டும் பொய்யில்லை. 1.59ஐ மூன்றால் பெருக்கிப் பாரும், 4.77 வரும். மூன்று போட்டன்கள் ஒரே அணுவில் சேர்ந்து வேலை செய்கின்றன. மிஞ்சும் 0.59ஐ இலத்திரன் இயக்கச் சக்தியாகக் கொண்டு போகிறது. இதற்குப் பெயர் பல்போட்டன் அயனாக்கம்.

பாடத்தில் ஒரு போட்டனுக்கு ஒரு இலத்திரன் என்று எடுத்துக்கொள்கிறோம். 1905இல் இருந்த விளக்குகளுக்கு அது போதும். ஆனால் அதே 1905 கட்டுரையில் ஐன்ஸ்டைன், உடனொளிர்வை (ஒளி பட்ட பொருள் தானும் ஒளிர்வதை)ப் பற்றிப் பேசும் இடத்தில், ஒளித்துணிக்கைகள் மிக நெருக்கமாக இருந்தால் பல சேர்ந்து ஒன்றுக்குச் சக்தி கொடுக்கலாம் என்று ஒரு வரி போட்டு வைத்திருக்கிறார். அந்த வரியை யாரும் படிப்பிப்பதில்லை. நானும்தான்.

பங்குனி 24, இரவு 10.40

"அப்படியென்றால் வெயிலில் வைத்தால் ஏன் நடக்கவில்லை?" என்று அடுத்த கேள்வி வந்திருக்கிறது. நல்ல கேள்வி. முரட்டுக் கணக்கு ஒன்று போடுவோம், திருத்தமாக வேண்டாம்.

நண்பகல் வெயில் சதுர மீற்றருக்கு 1000 வாற்று. அவ்வளவு செறிவில் 700 நானோமீற்றர் சிவப்பு மட்டும் விழுகிறது என்று வைப்போம். ருபீடியம் அணு ஒன்றின் குறுக்குப் பரப்பு வழியாகச் செக்கனுக்குச் சுமார் 700 போட்டன்கள் போகும். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஒரு மில்லிசெக்கனுக்கு மேல் இடைவெளி. அணுவுக்குப் பொருந்தாத சக்தியோடு வரும் போட்டனை அணு எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கும்? பிளாங்கு மாறிலியை 2πயால் வகுத்து, வரும் விடையைச் சக்திப் பொருத்தமின்மையால் வகுத்தால், ஒரு பெம்டோ செக்கன் அளவில் நிற்கும். அதாவது ஒரு செக்கனில் ஆயிரம் கோடி கோடியில் ஒன்றையும்விடச் சின்னதான, 10இன் மறை 15ஆம் அடுக்கு.

ஓடுகிற மினிபஸ்ஸின் படியில் ஒரு கால் வைத்த மாதிரி இது. அடுத்த கால் உடனே வராவிட்டால் நீர் றோட்டில்தான்.

அணுவுக்குள் வருவதெல்லாம் அகப்படும் என்று தாராளமாக வைத்தாலும், இரண்டு போட்டன்கள் ஒரே பெம்டோ செக்கனுக்குள் சந்திக்க ஓர் அணு 60, 70 வருடம் காத்திருக்க வேண்டும். மூன்று சந்திக்க, பிரபஞ்சத்தின் வயதைப்போல் சில ஆயிரம் மடங்கு.

இப்போது லேசர். சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு இலட்சம் கோடி வாற்று என்று வையும். அதே அணு வழியாக ஒரு பெம்டோ செக்கனுக்குள்ளேயே ஏழு போட்டன்கள் போகின்றன. காத்திருப்பே இல்லை.

பங்குனி 25, காலை

மேலே "ஆயிரம் கோடி கோடியில் ஒன்று" என்று இரவு நித்திரைத் தூக்கத்தில் எழுதியது குழப்புகிறது. 10இன் மறை 15 என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளும். கோடியைக் கோடியால் பெருக்கினால் 14, அதை இன்னும் 10ஆல் பெருக்கினால் 15. ஆயிரம் அல்ல, பத்து.

கரண்ட் போகப்போகிறது. மிச்சம் பிறகு.

பங்குனி 25, மாலை

ஒருவர் குசும்பாகக் கேட்டிருக்கிறார்: "பிரபஞ்சத்தின் வயதைப்போல் ஆயிரம் மடங்கு என்பது ஓர் அணுவுக்குத்தானே? ஒரு கிராம் ருபீடியத்தில் 7க்குப் பின்னால் 21 சைபர் போட்ட அளவு அணுக்கள் இருக்கே?"

பெருக்கிப் பார்த்தேன். செக்கனுக்கு இரண்டு, மூன்று அயன் வருகிறது! முரட்டுக் கணக்குத்தான், அதோடு ஒரு கிராம் முழுவதையும் ஆவியாக்கி ஒன்றையொன்று மறைக்காமல் வெயிலில் பரப்ப வேண்டும். என்றாலும் எனக்கு இது பிடித்திருக்கிறது. புத்தகம் "ஒருபோதும் வராது" என்று சொல்வதன் உண்மையான பொருள், எந்த மின்மானியும் காணாத அளவுக்குக் குறைவாக வரும் என்பதே. தம்பி, பரீட்சையில் இதை எழுதிப் புள்ளியை இழக்க வேண்டாம். அங்கே "வராது" என்றே எழுதும்.

பங்குனி 27, ஞாயிறு

வகுப்பு முடிந்து இரண்டு பேர் பொயின்ரர் லேசரைக் காட்டி இதால் முடியுமா என்று கேட்டார்கள். முடியாது. ஆனால் ஏன் முடியாது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, எழுதத்தான் வேண்டும்.

சந்தையில் சிவப்புப் பொயின்ரர் இரண்டு வகை, 650 நானோமீற்றர் ஒன்று, 635 ஒன்று. கண்ணுக்கு இரண்டும் சிவப்புத்தான். சீசியத்தை எடுத்துக்கொள்வோம். அதன் அயனாக்கற் சக்தி 3.894 இலத்திரன்வோற்று, உறுதியான மூலகங்களில் இதுதான் ஆகக் குறைந்தது. 650இன் போட்டன்கள் இரண்டைக் கூட்டினால் 3.81, மயிரிழையில் தவறுகிறது. 635இல் இரண்டைக் கூட்டினால் 3.905, மயிரிழையில் தப்புகிறது. எல்லை சரியாக 637 நானோமீற்றரை ஒட்டி விழுகிறது.

ஆகவே நுழைவாய் மீடிறன் ஒழிந்துபோகவில்லை. இரண்டு போட்டனுக்கு ஒரு நுழைவாய், மூன்றுக்கு அதைவிடத் தாழ்வான ஒரு நுழைவாய், இப்படிப் படிப்படியாக இருக்கிறது. எத்தனையாவது படிவரை நடைமுறையில் எட்டலாம் என்பதைச் செறிவு தீர்மானிக்கிறது.

பச்சைப் பொயின்ரர் 532. ஒரு போட்டனுக்கு 2.33, இரண்டு சேர்ந்தால் 4.66. சீசியம், ருபீடியம், பொற்றாசியம் (4.34) மூன்றுக்கும் இரண்டே போதும். சோடியத்துக்கு 5.14 வேண்டும், இலிதியத்துக்கு 5.39. அவை இரண்டுக்கும் மூன்று தேவை.

செறிவுதான் பிரச்சினை. 5 மில்லிவாற்றை 10 மைக்கிரோமீற்றர் விட்டத்துக்குக் குவித்தாலும் சதுர சென்ரிமீற்றருக்கு 6000 வாற்றுச் சொச்சம்தான். ஒரு இலட்சம் கோடியோடு ஒப்பிட்டு, இரண்டு போட்டன் என்றால் அந்த விகிதத்தை வர்க்கமாக்கும், மூன்று என்றால் கனமாக்கும். கனமாக்கினால் 1க்குப் பின்னால் 24 சைபர் போட்ட மடங்கு பின்தங்கி நிற்பீர். வீட்டில் செய்யப் பார்க்க வேண்டாம், சீசியமும் கிடைக்காது, கண்ணும் போகும்.

பங்குனி 28

"போட்டன்கள் மூன்றுதான் என்று எப்படி நிரூபிப்பது? யாரும் எண்ணிப் பார்த்தார்களா?"

எண்ண வேண்டியதில்லை, வரைபு கீறினால் போதும். n போட்டன் செயன்முறையின் வீதம் செறிவின் nஆம் அடுக்குக்கு நேர்விகிதசமன். அயன் ஓட்டத்தின் மடக்கையைச் செறிவின் மடக்கைக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும், படித்திறன்தான் போட்டன் எண்ணிக்கை. உங்கள் செய்முறைக் கொப்பியில் இருக்கும் அதே வித்தை.

இனி அனுபவத்தைச் சொல்கிறேன். வெளிநாட்டில் படித்த காலத்தில் ருபீடியம் அடைத்த கண்ணாடிக் கலத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். 778 நானோமீற்றர் லேசரை உள்ளே விடுவோம். இருட்டறையில் உற்றுப் பார்த்தால்தான் மங்கலாக ஒரு கருஞ்சிவப்புத் தெரியும். அலைநீளத்தை மெதுவாக நகர்த்திக்கொண்டு போகும்போது, ஓர் இடத்தில் கலத்துக்குள் நீலக்கோடு ஒன்று பிடிக்கும். 420 நானோமீற்றர். உள்ளே போனது சிவப்பு, வெளியே வருவது நீலம். இரண்டு போட்டன்களை விழுங்கி 5டி என்ற சக்தி மட்டத்துக்கு ஏறிய அணு, 6பி என்ற மட்டம் வழியாக இறங்கும்போது விடும் ஒளி அது. புத்தகத்தில் எத்தனை தடவை படித்திருந்தாலும் அந்தக் கோடு வரும்போது வாய் திறக்கும்.

அயனாக்கத்தை அளப்பது அவ்வளவு அழகாகப் போகாது. கலத்துக்குள் இரண்டு மின்வாய் வைத்து ஓட்டத்தை எடுப்போம். ஆவி குளிர்ந்த இடத்தில் உலோகமாகப் படியும், பார்த்தால் லேசர் நுழையும் சாளரத்திலேயே ஒரு வெள்ளிப் படலம். சாளரத்தைச் சூடாக்கினால் மின்வாயைத் தாங்கும் கண்ணாடியில் படியும். பிறகு அந்தப் படலம் வழியே ஓட்டம் கசியும். லேசரை மூடினாலும் மானி ஏதோ காட்டிக்கொண்டிருக்கும்.

பங்குனி 28, இரவு

முந்திய குறிப்பில் விட்டுப்போன ஒன்று. அந்தப் படலம் இன்னொரு வேலையும் செய்யும். திண்ம ருபீடியத்தின் வேலைச்சார்பு (உலோகத்திலிருந்து ஒரு இலத்திரனை வெளியேற்ற வேண்டிய ஆகக் குறைந்த சக்தி) 2.2 இலத்திரன்வோற்றுச் சொச்சம். ஆவி விடும் நீல ஒளியின் போட்டனிடம் 2.95 இருக்கிறது. நீலம் சுவரில் பட்டால் உங்கள் பாடப்புத்தகத்து ஒளிமின் விளைவு, ஒரு போட்டன் ஒரு இலத்திரன், அச்சொட்டாக அங்கே நடக்கும். ஆனால் நீலத்தின் அளவு லேசர் செறிவின் வர்க்கத்தோடு மாறுவதால், மானியில் படித்திறன் 2 என்று வரும்! ஆவியே அயனாகாமல், சுவரிலிருந்து வந்த இலத்திரன்கள். வரைபை மட்டும் நம்பினால் இரண்டு போட்டன் அயனாக்கம் கண்டேன் என்று கட்டுரை எழுதிவிடுவீர். 778இல் அயனாக்க மூன்று வேண்டும் என்ற எளிய கூட்டல்தான் காப்பாற்றும்.

படித்திறன் உயர் செறிவில் குறைந்துகொண்டே போகும், அதற்கும் பயப்பட வேண்டாம். குவியத்தின் நடுவில் அணுக்கள் எல்லாம் ஏற்கெனவே அயனாகி முடிந்திருக்கும், ஓரத்தில் உள்ளவை மட்டும் கணக்குக்கு வரும். அப்போது படித்திறன் 3/2ஐ நெருங்கும்.

பங்குனி 30

கண்டியில் படிப்பிக்கும் அக்கா ஒருவர் சூடாக எழுதியிருக்கிறார். 24ஆம் திகதிக் கணக்குக்கு 700 நானோமீற்றரைத் தெரிந்தெடுத்தது கள்ளவேலை, தம்பி கேட்டது 780, அது ருபீடியத்தின் சொந்த நிறம், அங்கே பெம்டோ செக்கன் கதை செல்லாது என்கிறார்.

அக்கா, கள்ளவேலை இல்லை, ஆனால் நீங்கள் சொல்வது முக்கியம். 780.24 நானோமீற்றர் ருபீடியத்தின் டி2 கோடு. அந்தப் போட்டனை அணு மெய்யாகவே உறிஞ்சி 5பி மட்டத்தில் ஏறி நிற்கும், அதுவும் 26 நானோ செக்கன். பெம்டோ செக்கனோடு பார்த்தால் இரண்டரைக் கோடி மடங்கு நீண்ட அவகாசம். அங்கிருந்து அயனாக 2.59 இலத்திரன்வோற்று வேண்டும், இன்னும் இரண்டு போட்டன்கள். வழியில் 776 நானோமீற்றரில் இன்னொரு படியும் (5டி) இருக்கிறது. லேசர் ஒளி சின்னச் சின்னத் துடிப்புகளாக வரும், உதாரணமாக 120 பெம்டோ செக்கன் நீளமான துடிப்பு ஒன்றின் நிறம் பல நானோமீற்றர் அகலம். ஆகவே 780, 776 இரண்டும் ஒரே துடிப்புக்குள் அடங்கிவிடும். வேறு நிறத்தைவிட மிகக் குறைந்த செறிவில் காரியம் நடப்பது இதனால்.

அப்படியென்றால் இதைப் பல்போட்டன் என்று சொல்லலாமா, படிப்படியான ஒருபோட்டன் என்று சொல்ல வேண்டுமா? நீண்ட துடிப்புக்கு அக்காவின் பக்கம். பெம்டோ செக்கன் துடிப்புக்கு இரண்டும் கலந்து கிடக்கிறது, பிரித்துக் கோடு போட எனக்கு மனமில்லை.

சரித்திரமும் கார உலோகத்தோடுதான் (சீசியம், ருபீடியம், சோடியம் போன்றவை). 1931இல் மரியா கோப்பர்ட் மேயர் என்ற பௌதிகவியலாளர், ஓர் அணு இரண்டு போட்டன்களைச் சேர்த்து உறிஞ்சும் கணக்கை எழுதினார். சோதிக்க ஒளி இல்லாமல் முப்பது வருடம். 1960இல் ரூபி லேசர் வந்தது, 1961இல் திண்மப் பளிங்கில் கண்டார்கள், 1962இல் அபெல்லா சீசியம் ஆவியில் கண்டார். ரூபியின் வெப்பநிலையை மாற்றி நிறத்தைக் கொஞ்சம் நகர்த்தி, இரண்டு போட்டன்களின் கூட்டுத்தொகையைச் சீசிய மட்டத்தோடு பொருத்தினாராம். எனக்கு இதில்தான் பொறாமை.

பங்குனி 31

13 மணி நேரம் மின்வெட்டு. போனில் 20 வீதம். மெகாவாற்று லேசரைப் பற்றி எழுத மனசாட்சி உறுத்துகிறது.

சித்திரை 1

சும்மா கதைக்கலாம். சீசியம் 28.5 பாகையில் உருகும். சித்திரை மாதத்து யாழ்ப்பாண மத்தியானத்தில் நிழலிலேயே 33, 34 போகும். அடைத்த குழாயில் ஒரு கிராம் சீசியத்தை மேசையில் வைத்தால் பொன்னிறத் திரவமாகத் தளும்பும். உருபீடியத்துக்கு 39.3 வேண்டும், அது எங்கள் வெயிலுக்கும் கொஞ்சம் கூட. சோடியம் 98க்குக் கிட்ட.

"உருபீடியம்", "ருபீடியம்" என்று மாறி மாறி எழுதுகிறேன் என்று யாரும் பிடிக்க வேண்டாம், போன் எப்படி எழுதுகிறதோ அப்படி.

சோடியத்தைக் காண ஆனையிறவு உப்பே போதும். சோறு பொங்கி காஸ் அடுப்பில் வழியும்போது நீலச் சுவாலை மஞ்சளாகும், 589 நானோமீற்றர். (காஸ் கிடைத்தால்.) பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் திருசியமானியோடு வைக்கும் சோடியம் விளக்கும் அதே மஞ்சள்.

சித்திரை 2

அந்த மஞ்சளைப் பற்றி எழுதப்போய், 24ஆம் திகதி சொன்னதற்கு ஒரு வரம்பு போட வேண்டியிருக்கிறது. அங்கே சொன்னது ஐதான ஆவிக்கு. ஆவி அடர்த்தியானால் கதை வேறு.

1976இல் லூக்கடோர்ட்டோவும் மக்கில்ராத்தும் அமெரிக்காவில் ஒரு வேலை செய்தார்கள். அடர்த்தியான சோடியம் ஆவிக்குள் சோடியத்தின் சொந்த மஞ்சள் நிறத்துக்கு இசைவித்த லேசரை விட்டார்கள். செறிவு பல்போட்டனுக்குக் காணவே காணாது. ஆனாலும் ஆவி கிட்டத்தட்ட முழுதாக அயனாகிவிட்டது.

யார் இலத்திரனைக் கழற்றியது? லேசர் இல்லை, மோதல்கள். லேசர் பாதிக்குக் கிட்ட அணுக்களை அருட்டி 2.1 இலத்திரன்வோற்று உயரத்தில் நிறுத்தி வைக்கிறது, இறங்க இறங்க மறுபடி ஏற்றுகிறது. அருட்டிய இரண்டு அணுக்கள் மோதினால் ஒட்டிக்கொண்டு மூலக்கூற்று அயனாகி ஒரு இலத்திரனை விடும். இரண்டின் சக்தி 4.2தான், ஆனால் பிணைப்பு உண்டாவதில் கிட்டத்தட்ட 1 இலத்திரன்வோற்று லாபம், சோடியத்தின் 5.14ஐ அருந்தப்பில் தாண்டும். அப்படிப் பிறந்த இலத்திரன் அருட்டிய அணு ஒன்றோடு மோதும்போது, அணு கீழே இறங்கி தன் 2.1ஐ இலத்திரனுக்குக் கொடுத்துவிடும். இரண்டு தடவை அப்படி வாங்கினால் 4.2. அருட்டிய அணுவை அயனாக்க 3.03 போதும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, ஆவி முழுவதும் போய்விடும்.

ஆகவே காணொளியில் "லேசர் அயனாக்கியது" என்றால் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: ஆவி எவ்வளவு அடர்த்தி, துடிப்பு எவ்வளவு நீளம். 120 பெம்டோ செக்கனுக்குள் எந்த அணுவும் இன்னொன்றைச் சென்று மோத நேரமில்லை, அங்கே பல்போட்டன் மட்டுமே. நூற்றுக்கணக்கான நானோ செக்கன் நீளத் துடிப்பில் மோதல்களின் ராச்சியம்.

சித்திரை 3

ஊரடங்கு, வகுப்பு இல்லை. காணொளியின் இணைப்பைத் தம்பி போட்டிருக்கிறார். ஐரோப்பாவின் துணிக்கைப் பௌதிக ஆய்வு நிலையமான சேர்னின் அவேக் பரிசோதனை. நினைத்தேன்.

அங்கே 10 மீற்றர் நீளக் குழாயில் ருபீடியம் ஆவி. குழாயைச் சுற்றிச் சூடான திரவம் ஓடும், 200 பாகையை ஒட்டி. வெப்பநிலையை வழிநெடுகச் சீராக வைப்பதே பெரும்பாடு, ஏனென்றால் அடர்த்தி 0.2 வீதத்துக்குள் சீராக இருக்க வேண்டும். சாளரமும் கிடையாது. இரண்டு முனையிலும் சின்னத் துளை, வெளியே கசியும் ஆவி குளிர்ந்த சுவரில் படிந்துவிடும். 28ஆம் திகதி நான் அழுத அழுகைக்கு இவர்கள் கண்ட வழி, சாளரத்தையே எடுத்துவிடுவது!

லேசர்த் துடிப்பில் 450 மில்லிஜூல் வரை. ஏன் ருபீடியம்? வெளியில் ஒற்றை இலத்திரன் தளர்வாக நிற்கிறது, 4.18க்குக் கழன்றுவிடும். அடுத்ததைக் கழற்ற 27.3 வேண்டும். ஆகவே அணுவுக்கு ஒன்று, ஒன்றேதான். ஆவி அடர்த்தியை அளந்தால் பிளாஸ்மாவின் (அயன்களும் கழன்ற இலத்திரன்களும் கலந்த வாயு) அடர்த்தியும் தெரிந்துவிடும். அந்த பிளாஸ்மாவுக்குள் 400 ஜிகா இலத்திரன்வோற்றுப் புரோத்தன் கற்றை போய் அலை கிளப்புகிறது. 2018இல் அந்த அலையில் ஏறிய இலத்திரன்கள் 10 மீற்றரில் 2 ஜிகா இலத்திரன்வோற்று வரை போயின.

எனக்கு மிகப் பிடித்தது வேறு. லேசரை புரோத்தன் கற்றையின் முன்னால் அனுப்பாமல் நடுவில் அனுப்புகிறார்கள். கற்றையின் முன்பாதி வெறும் ஆவியைக் காண்கிறது, பின்பாதி பிளாஸ்மாவைக் காண்கிறது. அந்தத் திடீர் எல்லையிலிருந்து அலை தொடங்குகிறது. அயனாக்கம் அவ்வளவு கூர்மையாக நடக்காவிட்டால் இந்த வித்தை பலிக்காது.

சித்திரை 4

தம்பி 800 நானோமீற்றருக்கு எல்லா உலோகத்துக்கும் கணக்குச் செய்து அனுப்பியிருக்கிறார். 1.55ஆல் வகுத்து மேல் முழு எண். சீசியம் 3, ருபீடியம் 3, பொற்றாசியம் 3, எல்லாம் சரி. சோடியத்துக்கும் 3 போட்டிருக்கிறீர். 4.65 எப்படி 5.14 ஆகும்? நாலு. இலிதியமும் நாலு. பொற்றாசியத்துக்கு மூன்று போட்டன் நுழைவாய் எந்த அலைநீளத்தில் என்று கேட்டிருந்தேன், 857 என்ற விடை சரி. அடுத்து அதே பொற்றாசியத்துக்கு 1064இல் செய்யும், 1.165 ஒரு போட்டனுக்கு.